புளியோதரைச் சம்பளம்

கார் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு நேற்று போன் செய்தேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் போனது. அது போன இடத்தில் அந்த இசை வந்து உட்கார்ந்தது. அதே கீபோர்டு, பின்னால் அதே டிரம், சுற்று முடிகிற இடத்தில் யாரோ தகரத்தைச் சுரண்டியதுபோல் ஒரு கரகரப்பு, பிறகு மறுபடி முதலிலிருந்து. சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அய்ய, நம்ம பாட்டுங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அடுப்பில் இருந்தது வெறும் தோசைக்கல். ஆனால் எனக்குப் பெருங்காயம் மணத்தது, நல்லெண்ணெயில் கடுகு வெடித்தது, வெந்தயப்பொடியின் கசப்பு மூக்கில் ஏறியது.

இந்த எடிசன் ஊரில் சில வருடங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு கோடைக்காலமும் ஒரு இலையுதிர்காலமும் அந்தப் பாட்டிலேயே போயின.

அந்தக் கோடையில் எனக்கு வேலை போயிற்று. காலையில் ஒரு வீடியோ மீட்டிங். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நான் கேமராவைப் பார்த்து நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் தானாகப் பூட்டிக்கொண்டது. இருபது வருடமாக மென்பொருள் டெஸ்டிங்தான் என் பிழைப்பு. திரையில் ஒரு பெட்டி வயது கேட்டால் மைனஸ் ஏழு என்று போட்டு, எங்கே உடைகிறது என்று பார்க்கிறவன். எந்தப் பெட்டியையும் காலியாக விடாதவன். இப்படிப்பட்ட ஒருவன் கையில் மாநிலத்தின் அன்எம்ப்ளாய்மென்ட் உதவித்தொகை விண்ணப்பத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை. அப்போது அது எனக்குத் தெரியாது. விண்ணப்பித்தேன், கிரீன் கார்டு எண்ணைப் போட்டேன், வந்துவிடும் என்று உட்கார்ந்தேன்.

வரவில்லை. என் பெயருக்கு எதிரே 'பெண்டிங்' என்று ஒரு சொல் வந்து குடியேறியது. திங்கட்கிழமை பார்த்தால் பெண்டிங். வெள்ளிக்கிழமை பார்த்தால், ஏதோ நான் அவசரப்படுகிறேன் என்பதுபோல், பெண்டிங்.

காத்திருப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. கிரீன் கார்டுக்குக் காத்திருந்தவன் எதற்கும் காத்திருப்பான். ஆனால் எங்கள் அபார்ட்மென்ட்டின் லீஸ் அக்டோபர் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் வருமானத்துக்குச் சான்று வேண்டும். சம்பளச் சீட்டு இல்லையா, உதவித்தொகை அனுமதிக் கடிதமாவது கொண்டு வா என்று லீசிங் ஆபீஸ் பெண் மிக அன்பாகச் சொன்னாள். மனைவி ஒரு பல் டாக்டரிடம் பாதி நாள் வரவேற்பில் இருந்தாள். அந்தச் சம்பளத்தைக் காட்டியபோது அந்தப் பெண் அதைவிட அன்பாகத் தலையை ஆட்டினாள். கடிதம் வராவிட்டால் டெக்சாஸ்தான். டாலஸ் பக்கம் மனைவியின் தம்பி வீடு வாங்கியிருந்தான். தினமும் போன். "மாமா, மேல ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்கு. ஸ்கூல்லாம் சூப்பர்." அவன் நல்லவன். அவன் நல்லதனம்தான் பயமாக இருந்தது.

மகள் அந்த வருடம் பள்ளியின் கடைசி வகுப்பு. பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் அணித்தலைவி உட்காரும் முதல் நாற்காலி அவளுக்கு. அதற்காக மூன்று வருடம் இரண்டாவது நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். டெக்சாஸ் பேச்சை எடுத்த அன்று அவள் ஒரே வாக்கியம் சொன்னாள்: "ஐ'ம் நாட் மூவிங் இன் சீனியர் இயர், அப்பா." பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஸ்வரங்களை மேலே கீழே, மேலே கீழே என்று இழுத்தாள். எனக்கு அந்தச் சத்தம் மாடிப்படியில் யாரோ சாமான் தூக்கிப் போவதுபோலக் கேட்டது.

ஆகவே போன். உதவித்தொகை அலுவலகம் காலை திறந்தவுடன் அடித்துவிட வேண்டும். ஸ்பீக்கரில் போட்டு அரிசி டப்பாவின் மேல் போனை வைத்துவிடுவோம். இசை ஓடும். அதன் கீழே எங்கள் வாழ்க்கை ஓடும். மனைவி அந்தத் தாளத்துக்கு வெண்டைக்காய் நறுக்கினாள். நான் அந்தத் தாளத்துக்குப் பாத்திரம் தேய்த்தேன். ஒரு நாள் அவள் அதற்கு வரிகளே போட்டுவிட்டாள்: வருவேன் வருவேன் என்றாரே, வாசல் வரைக்கும் வந்தாரா? கரகரப்பு வருகிற இடத்தில் "ஹூம்" என்று ஒரு பெருமூச்சு. அச்சாகப் பொருந்தியது. மத்தியானம் ஆனதும் எல்லா இணைப்புகளும் நிரம்பிவிட்டன, நாளை அழைக்கவும் என்று குரல் சொல்லி, அனுபல்லவிக்கு நடுவிலேயே துண்டித்துவிடும். மனைவி விடமாட்டாள். அறுந்த இடத்திலிருந்து எடுத்து, பாடி முடித்து, ஒரு தீர்மானமும் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவாள்.

அது என்ன ராகம் என்று வீட்டில் சண்டை வந்தது. நான் மோகனம் என்றேன். எனக்குத் தெரிந்த ராகம் அது ஒன்றுதான். மகள் எரிச்சலோடு வயலினை எடுத்து வந்து, நின்றபடியே முழுச் சுற்றையும் வாசித்தாள், கரகரப்பு உட்பட. "இட்ஸ் ஜஸ்ட் ஜி மேஜர், அப்பா." அவள் அம்மா வெண்டைக்காயிலிருந்து கண்ணெடுக்காமல், "அதைத்தான்டி நாங்க சங்கராபரணம்னு சொல்றோம்" என்றாள்.

காலை இப்படிப் போய்விடும். மத்தியானம்தான் போகாது. வேலை போனவனுக்குக் கைகள் பெருகிவிடுகின்றன. இரண்டு கை இருந்த இடத்தில் எட்டுக் கை. எதை எடுப்பது, எங்கே வைப்பது, எந்தப் பாக்கெட்டில் நுழைப்பது. ஒரு நாள் எட்டுக் கைகளையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அங்கே எட்டுக் கை இருப்பவர்கள் சகஜம்.

அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரே அறிவிப்பை எத்தனை தடவை படித்தேனோ. கோயில் சமையலறையைக் கவனிக்கும் அக்கா என்னைத் தாண்டிப் போனார், திரும்பி வந்தார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், இங்கே ஒரு மருந்து கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். சமையலறைச் சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி, எந்த அண்டா எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று மூன்று வண்ணத்தில் எழுதி வைத்திருப்பவர். "சும்மாதானுங்க நிக்கறீங்க தம்பி? கைய நல்லாக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றார்.

அது புரட்டாசி. சனிக்கிழமைகளில் பெருமாளுக்குப் புளியோதரை, பெருமாள் பெயரைச் சொல்லி எடிசன் முழுவதற்கும் புளியோதரை. வெள்ளிக்கிழமையே புளிக்காய்ச்சலும் கொதிக்கும், சோறும் வேகும். எஃகுத் தாம்பாளங்களில் சோற்றைப் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்து, பருக்கை உடையாமல் கையால் பிசற வேண்டும். அடியிலிருந்து மேலே, ஓரத்திலிருந்து நடுவே, தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல. எனக்கு அது வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. இருபது வருடம் எதையும் உடைப்பதற்கே சம்பளம் வாங்கிய கை, ஒரு பருக்கையை உடைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. முழங்கைவரை மஞ்சளும் புளியுமாக நிற்கும்போது, பார்த்தால் இரண்டே கைதான் இருந்தது. அதன் பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு எல்லாம் அங்கேதான்.

அக்காவுக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, செல்போன் உள்ளே வரக் கூடாது. முன்பு ஒருவருடைய போன் சாம்பாரில் விழுந்து, அந்த அண்டாவையே கொட்ட வேண்டி வந்ததாம். ஆகவே போன்கள் வெளியே செருப்பு ரேக்கில், அவரவர் செருப்போடு. இரண்டு, யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது. ஆளுக்கொரு டப்பா புளியோதரை கட்டிக் கொடுத்துவிடுவார். வேண்டாம் என்றால் இரண்டு டப்பா.

இனி ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வருகிறேன். உதவித்தொகை கேட்பவர்கள் வாராவாரம் கணினியில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேலை தேடினீர்களா? கூப்பிட்டால் போகத் தயாரா? இந்த வாரம் வேலை செய்தீர்களா?

கோயிலிலிருந்து வந்து, குளித்தும் போகாத மஞ்சள் விரல்களோடு உட்கார்ந்து அந்தக் கேள்வியைப் பார்த்தேன். இந்த வாரம் வேலை செய்தீர்களா? இடுப்பு வலித்தது. தோள் வலித்தது. அண்டா தூக்கிய இடத்தில் உள்ளங்கை சிவந்திருந்தது. இதைச் செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? அதுவும் சாமி காரியத்தை? 'ஆம்' என்று அழுத்தினேன். எங்கே? கோயில் பெயரைப் போட்டேன். பணமாகவோ வேறு எந்த வடிவிலோ ஊதியம் பெற்றீர்களா? மேசைமேல் டப்பா இருந்தது. கோயில் கேன்டீன் பலகையில் அதன் விலை எழுதியிருந்தது நினைவில் இருந்தது. அந்த விலையை, பைசா குறைக்காமல், பெட்டியில் போட்டேன். டெஸ்டர் எந்தப் பெட்டியையும் காலியாக விடமாட்டான். அன்று நிம்மதியாகத் தூங்கினேன். பெருமாளிடமும் அரசாங்கத்திடமும் ஒரே நாளில் கணக்கு நேர்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். வாரநாளெல்லாம் பதில் கேட்டு போனில் தவம் கிடப்பது, ஞாயிறானால் என் வழக்கை நானே இன்னொரு பூட்டுப் போட்டுப் பூட்டுவது. இது இரண்டும் ஒரே மனிதன் செய்கிற வேலை என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கண்டுபிடித்தவள் மகள். ஒரு ஞாயிறு மாலை ஏதோ பிரிண்ட் எடுக்க வந்தவள், என் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

"அப்பா, யூ டோல்ட் தெம் யூ ஹேவ் எ ஜாப்?"

ஜாப் இல்லை, கோயில் என்றேன்.

"எவ்ரி வீக்?"

அவள் குரலைக் கேட்டு மனைவி வந்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கோயில்ல என்ன போஸ்டுங்க உங்களுக்கு?" என்று மிக மெதுவாகக் கேட்டாள். வேலை செய்தேனா என்று கேட்டார்கள், செய்தேன் இல்லையா என்றேன். அவள் முகம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சோபாவில் சரிந்து சிரிக்க ஆரம்பித்தாள். மகள் சிரிக்கவில்லை. அவள் முதல் நாற்காலி அந்தத் திரையில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. குனிந்து ஒவ்வொரு பதிலாகப் படித்துக்கொண்டே வந்தவள், சம்பளப் பெட்டியில் நான் போட்டிருந்த டப்பா விலையைக் கண்டதும் நின்றாள். உதட்டைக் கடித்தாள். பிறகு அவளும் போய் அம்மா மேல் சரிந்தாள்.

அன்று இரவே நடந்ததை விளக்கி மகள் என் சார்பில் அந்த அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் எழுதிப் போட்டாள். பதில் வந்தது: ஒரு வெள்ளிக்கிழமை, காலை எட்டிலிருந்து மாலை நான்குக்குள் ஒரு அதிகாரி போன் செய்து விசாரிப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் அசையவில்லை. இரண்டு மணிவரை போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போது கோயிலிலிருந்து ஆள் வந்தது, கை குறைகிறது, கொஞ்சம் வர முடியுமா என்று. போன்தான் பாக்கெட்டில் இருக்கிறதே, எங்கே இருந்தால் என்ன, என்று கிளம்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். கை தன்பாட்டுக்குப் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துச் செருப்போடு சேர்த்து ரேக்கில் வைத்தது. நான் உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது, அத்தனை செருப்புகளுக்கு நடுவே, அது அடித்து ஓய்ந்து கிடந்தது. அழைத்தோம், எடுக்கவில்லை, வேறு தேதி தெரிவிக்கப்படும் என்று ஒரு குரல் செய்தி இருந்தது.

மனைவி திட்டவில்லை. மறுநாள் ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடையிலிருந்து காலி அட்டைப் பெட்டிகள் கொண்டு வந்தாள். அரிசி, மாம்பழக்கூழ், இஞ்சிபூண்டு விழுது என்று எழுதிய பெட்டிகள். சோபாவுக்குப் பின்னால் அடுக்கினாள். நான் ஒட்டுகிற டேப்பை எடுத்துக் கொடுத்தேன். மகள் அந்தப் பக்கம் பார்க்காமலே நடக்கப் பழகிக்கொண்டாள். அந்த வாரம் ஒன்றுதான் எங்கள் வீட்டில் பாட்டு இல்லாத வாரம்.

புதுத் தேதி வந்தது. அதுவும் வெள்ளிக்கிழமை, புரட்டாசியின் கடைசி வெள்ளி. இந்த முறை வீட்டை விட்டு நகர மாட்டேன் என்றேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்ல இருந்தா நீங்க பாத்ரூம் போற நேரமாப் பாத்து அடிக்கும். அங்கயே போங்க. சாட்சிக்காவது நாலு பேர் இருப்பாங்க." போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா விலையைச் சொன்ன இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தன் முதல் சட்டத்தைத் தானே திருத்தினார். என் போனை ஜிப்லாக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, மிளகாய்ப்பொடி டின்னுக்கும் பெருங்காய டப்பாவுக்கும் நடுவே அலமாரியில் நிறுத்தி வைத்தார். அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்காததுதான் பாக்கி.

அடித்தபோது என் இரண்டு கையும் சோற்றில். அக்கா பையோடு எடுத்து, பிளாஸ்டிக்குக்கு மேலேயே தேய்த்து, ஸ்பீக்கரில் போட்டு, கவிழ்த்த அண்டா ஒன்றின்மேல் வைத்தார். யாரோ கிரைண்டரை நிறுத்தினார்கள். அடுப்பைக் குறைத்தார்கள். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் பாதித் தேங்காயோடு அப்படியே நின்றார்.

ஒரு பெண் குரல். உரையாடல் பதிவாகிறது என்றது. எத்தனை வாரமாக நான் கேட்கத் தவித்த மனிதக் குரல்! களைப்பும் ஜலதோஷமும் கலந்திருந்தது. பெயர், முகவரி, கிரீன் கார்டு எண் எல்லாம் சரிபார்த்த பிறகு, இந்தக் கோயிலில் உங்கள் பணி என்ன என்று கேட்டார். சோறு பிசறுகிறேன் என்றேன். உங்கள் மேற்பார்வையாளர் யார்? அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையைத் தூக்கினார். போனில் தெரியாது என்று உணர்ந்து, நான்தான் என்றார். அவர் பக்கத்தில் இருப்பது நல்லதாயிற்று, அவரிடமும் பேச வேண்டும் என்றார் அதிகாரி. இவருக்கு நீங்கள் என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள்?

அக்கா ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னார், ஆனால் அந்த ஆங்கிலத்துக்குள் ஈரோடு இருந்தது. சம்பளம் கிடையாது, யாருக்கும் கிடையாது. சொல்லப்போனால் இவர் ஒரு மிக்ஸி ஜாரை உடைத்திருக்கிறார், அதற்கே நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. மறுமுனையில் ஒரு இருமல். ஜலதோஷ இருமலாகத் தெரியவில்லை. அப்படியானால் அந்தச் சோற்று டப்பா? வேலை செய்ததற்காகக் கொடுப்பதா?

அக்கா யோசித்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தோம். இதற்கு மட்டும் அவர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "கேட்டாலும் குடுப்போம், கேக்காட்டியும் குடுப்போம். ரோட்ல போறவங்க வந்தாலும் குடுப்போம். அது பிரசாதமுங்க. அதுக்குப் போயி வெல போட்டீங்களே தம்பி."

நான் மொழிபெயர்த்தேன், கடைசி வாக்கியத்தையும் சேர்த்து. பிறகு தட்டச்சுச் சத்தம் கேட்டது. நீளமான, நிதானமான தட்டச்சு. எத்தனையோ காலையில் நாங்கள் கேட்ட அந்தக் கீபோர்டைவிட இந்தக் கீபோர்டு எவ்வளவு நன்றாக வாசித்தது. சோறு என் விரல்களுக்கு நடுவே ஆறியது. அது ஊதியம் ஆகாது, பழைய வாரங்களைத் திருத்திவிடுகிறேன், அனுமதிக் கடிதம் திங்கட்கிழமை உங்கள் கணக்கில் தெரியும் என்றார் அந்தக் குரல். தேங்காய்க்காரர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை தெரிந்தது. லீசிங் ஆபீஸ் பெண் அதே அன்போடு கையெழுத்து வாங்கிக்கொண்டாள். மகள் முதல் நாற்காலியிலேயே அந்த வருடத்தை முடித்தாள். எனக்கு வேலை கிடைக்கப் பனிக்காலம் ஆனது. அது வேறு கதை, அதில் இசை கிடையாது. அந்த நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் கொலுப்படி, வேட்டி போர்த்திய அட்டைப் பெட்டிகள்தான். ஓரத்தில் வேட்டி விலகி, தசாவதாரத்துக்குக் கீழே இஞ்சிபூண்டு விழுது எட்டிப் பார்த்தது.

ஆனால் அந்தத் தொலைபேசி அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. வேலை முடிந்தும் அந்தப் பெண் வைக்கவில்லை, நாங்களும் வைக்கவில்லை. அந்தச் சோற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். புளி, எள், வேர்க்கடலை, வெந்தயம் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். நாளைக்கு வரச் சொல்லுங்கள், ஒரு டப்பா எடுத்து வைக்கிறேன் என்றார் அக்கா. விண்ணப்பித்தவர்களிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது, அது எங்கள் விதி என்றார் அவர். கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் இசை ஏதும் வரவில்லை. உங்கள் கேன்டீன் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டார். இரண்டு மணிக்கு என்றோம், நாலைந்து பேர் ஒரே குரலில். மறுநாள் கவுண்டருக்கு வந்த தெரியாத முகத்தையெல்லாம் நான் உற்று உற்றுப் பார்த்தேன், அது பிறகு.

"நான் காசு கொடுத்துத்தான் வாங்குவேன்" என்றார் அவர், ஆங்கிலத்தில், பதிவாகிற குரலில். "நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லுங்கள், சார்."